முதுகுத் தகடு

உம்முடைய இரும்புச் சட்டை மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. உம் வீட்டிலிருந்து திருச்செந்தூர் பாசஞ்சரில் தெரிந்த ஒருவர் கையில் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்தோணிதான் ஜங்ஷனுக்குப் போய் வாங்கி, தன் லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தான். சாக்கின் வாயைப் பிரித்ததும் முதலில் வந்தது தேங்காய் எண்ணெய் வாசம். இரும்புக்கு மெஷின் எண்ணெய்தான் போட வேண்டும் என்று உம்மிடம் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்! "வீட்டுல இருக்கது இதுதான் வே. தலைக்கும் இதுதான், தகட்டுக்கும் இதுதான்" என்பீர். பழைய வியர்வையும் தேங்காய் எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசம் பட்டறை முழுக்கப் பரவியது. எனக்கு அழுகை வரவில்லை. சாக்கின் வாயை மறுபடி கட்டிவிட்டேன். அது ஏன் என்று உமக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் பெங்களூரில் போட்டி. நம் ஆட்கள் ஐந்து பேரும் போகிறார்கள். உம் உடம்பும் அந்தோணி உடம்பும் ஒரே அளவு என்பதால் அவன் உம் சட்டையைப் போட்டுக்கொள்ளட்டும் என்று உம் வீட்டம்மா அனுப்பியிருக்கிறார். "அவுக ஆசப்பட்டது அதுதான் அண்ணாச்சி" என்று போனில் சொன்னார். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்தச் சட்டையின் முதுகில் ஒரு குறை இருந்தது. அதை வைத்தவன் நான். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீர் முதன்முதலில் பட்டறைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? பீரோ வாங்க வந்த ஆள் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். நீர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்து என் மேசையில் வைத்தீர். பேரீச்சம்பழப் பெட்டியிலிருந்து வெட்டியது. ஒரு விரல் நீளம், இரண்டு விரல் அகலம், அதில் ஆறு ஓட்டை.

"இப்படி நானூறு வேணும். தகட்டுல."

"என்னது அண்ணாச்சி, சாவிக்கொத்து வில்லையா?"

"சட்ட வே. போட்டுக்கிட்டு அடிவாங்கப் போறேன்."

ஆள் சரியில்லை என்று நான் வாசலைப் பார்த்தேன். நீர் போனை எடுத்துக் காட்டினீர். நீர் வேலை பார்த்த வளைகுடா ஊரில் ஏதோ ஒரு விளையாட்டுக் கூடம். வேலி அடித்த களத்துக்குள் இரும்பு போர்த்திய ஆட்கள் ஐந்துக்கு ஐந்து. பழங்காலத்துக் கவசம், பழங்காலத்து வாள், கோடாலி. முனை மழுக்கியதுதான், ஆனால் அடி நிஜ அடி. தரையில் விழுந்தவன் வெளியே. விழாமல் நிற்கிறவர்கள் ஜெயித்தவர்கள். அதில் ஒருத்தன் போட்டிருந்த சட்டையைப் பெரிதாக்கிக் காட்டினீர். சின்னச் சின்னத் தகடுகளைக் கயிற்றால் கோத்து, வரிசைமேல் வரிசையாக மீன் செதில் போல அடுக்கிய சட்டை. "ஒத்தத் தகடு போச்சுன்னா அத மட்டும் அவுத்து மாத்திக்கிடலாம் வே. மத்தது அப்படியே நிக்கும்" என்றீர்.

உமக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். நீர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அங்கன பதினோரு வருசம் வே. முதுகுக்குப் பின்னால பேசுதவன், முதுகுக்குப் பின்னால போட்டுக்குடுக்கவன், எல்லாம் பாத்தாச்சு. இதுல ஒருத்தன் அடிக்கான்னா அடிச்சேம்னு ஒத்துக்கிடுதான். முடிஞ்சதும் வந்து கட்டிப்பிடிக்கான்." அதைக் கேட்டு நான் சிரித்தேன். இப்போது அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து நாம் 'வே' போட்டுப் பேச ஆரம்பித்தோம். கடைசி வரை 'நீர்' என்பது 'நீ' ஆகவில்லை. என் மனைவிக்கு அதில் ஆச்சரியம். "சம்மந்தி மாதிரில்லா பேசிக்கிடுதிய ரெண்டு பேரும்" என்பாள். உம் சட்டைக்கு அவள் வைத்த பெயர் இரும்பு பனியன்.

நீர் லீவில் வந்திருந்த அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் உம்முடையவை. காலை ரயிலில் வந்து இறங்குவீர், கையில் வலை பின்னுகிற வெள்ளை நைலான் கயிறு ஒரு கண்டு. நான் தகடு வெட்டி, ஓரம் உருட்டி, பஞ்ச் வைத்து ஓட்டை போடுவேன். நீர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோப்பீர். முதல் சட்டையைக் கோத்து முடித்ததும் போட்டுக்கொண்டு எழுந்தீர். எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டீர். உம் முகத்தைப் பார்த்து அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கு நீர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு கூட்டம் சேர்ந்தது. என் பீரோக்களை வீடுகளுக்கு ஏற்றிப் போகிற அந்தோணி, மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடியதும் குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்த புதிதில், எதையாவது போட்டு அடிக்க வேண்டும்போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். அவனைச் சேர்த்தோம். பேட்டையிலிருந்து இன்னும் நாலு பேர். வண்ணார்பேட்டைக்குப் பின்னால் ஆற்றோரம் மூடிக்கிடந்த ரைஸ் மில்லின் நெல் காயப்போடும் களம் நமக்குக் கிடைத்தது. வேலிக்கு வெளியே ஆள் கூடும். ஒருத்தர் வந்து, கல்யாண ஊர்வலத்துக்கு வருவீர்களா, ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டார். நீர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா? யார அடிக்கணும்?" என்றீர்.

நான் களத்தில் இறங்கியதில்லை. எனக்கு மூட்டுவலி, கோபம் வேறு வரும். என் வேலை கட்டிவிடுவது. அந்தச் சட்டையைத் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. தோள்வாரையும் விலாக்கயிற்றையும் பின்னால் நிற்கிறவன் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டியவன்தான் முதல் அடி அடிக்க வேண்டும் என்பது நீர் வைத்த வழக்கம். மழுங்கின வாளால் நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, முழு பலத்தோடு. வாங்கியவன் "இருக்கு" என்று சொன்னால் களத்துக்குள் போகலாம். "கட்டினவனுக்கு அடிக்க மனசு வரலைன்னா அந்தக் கட்டுல என்னமோ இருக்குன்னு அர்த்தம்" என்று அந்தோணியிடம் சொன்னீர். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டாவது லீவில் புதுச் சட்டை கேட்டீர். "ரெண்டு கிலோ கொறச்சிரும் வே. முட்டு தாங்கல." இரண்டு கிலோ குறைப்பது எப்படி என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கை தானாக ஒரு வழி கண்டுபிடித்தது. பீரோவுக்குக் கதவும் முன்பக்கமும் கனமான தகட்டில் அடிப்போம், முதுகுக்கு மெல்லிசு. அதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது, எல்லாப் பட்டறையிலும் உள்ளதுதான். பீரோ சுவரோடு ஒட்டி நிற்கப் போகிறது, அதன் முதுகை யார் தட்டிப் பார்க்கப் போகிறார்கள்? இருபது வருஷமாக அப்படியே பழகின கை. உம் சட்டைக்கும் முன்பக்கம், தோள், விலா எல்லாம் கனத்த தகட்டில் வெட்டினேன். முதுகுக்கு மட்டும் பீரோ முதுகுத் தகடு.

மனுஷன் சுவரோடு ஒட்டி நிற்கமாட்டான் என்று அப்போது தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. உள்ளே பஞ்சுச் சட்டை போடத்தானே செய்வீர், தாங்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உமக்கு லீவு நாள் குறைவு, முதுகை நான் கோத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டதும் நான்தான். நீர் கோத்திருந்தால் விரலே காட்டிக்கொடுத்திருக்கும்.

முடித்த அன்று தூக்கிப் பார்த்தீர். "ஏ, என்ன வே, காத்து மாதிரில்லா இருக்கு! எப்படி வே கொறச்சீரு?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்.

"தொழில் ரகசியம்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைக்காக இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது. உம் வாயால் கெட்டிக்காரன் என்று கேட்கிற ஆசை. அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் இல்லை. அன்று சொல்லியிருந்தால் நீர் இரண்டு திட்டு திட்டிவிட்டு, வேறு தகடு போடச் சொல்லியிருப்பீர். ஒரு நாள் தள்ளினால் சொல்வது கஷ்டமாகிறது. ஒரு மாதம் தள்ளினால் சொல்லவே முடியாமல் போகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உம்மைக் கட்டிவிட்டு நெஞ்சில் ஓங்கி அடித்தேன். முதுகில் பைய அடித்தேன். கை அதுவாகவே தணிந்தது. ஒரு நாள் நீர் திரும்பிப் பார்த்து, "என்ன வே, முதுகுக்கு மட்டும் தடவிக் குடுக்கீரு?" என்றீர். தோள் பிடித்திருக்கிறது என்றேன்.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு குழு நம்மோடு சேர்ந்து ஆட வந்ததே, அந்த நாள். அவர்கள் தலைவர் தொடங்குமுன் நம் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, தகடெல்லாம் ஒரே கனம்தானே என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். மூன்றாவது சுற்றில் நீர் ஒருத்தனை வேலியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர். அவர்கள் ஆள் ஒருத்தன் பின்னால் வந்து இரண்டு கையாலும் கோடாலியை உம் இடுப்புக்கு மேலே இறக்கினான். முறைப்படி அது தப்பில்லை. மற்ற அடிகளின் சத்தம் எனக்குப் பழக்கம். இந்தச் சத்தம் வேறு. தகரக் கதவில் விழுந்ததுபோல ஒரு சத்தம். நீர் விழவில்லை. பிடியையும் விடவில்லை. அந்தச் சுற்றை நாம் ஜெயித்தோம். அடித்தவன் வந்து உம்மைக் கட்டிப்பிடித்தான், நீரும் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினீர்.

சாயங்காலம் ஆற்றில் குளிக்கும்போது உம் முதுகைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. மறுநாள் போனில், "சிவப்பாப் போவுது வே. வீட்டுல சொல்லிராதியும்" என்றீர். பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தோம். சிறுநீரகத்தில் அடி, மூன்று வாரம் ஓய்வு, சரியாகிவிடும் என்றார் டாக்டர். சரியாகத்தான் போயிற்று. ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கே சொல்லியிருக்கலாம். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன்.

சட்டையைப் பட்டறையில் விட்டுப் போகச் சொன்னேன். "வேண்டாம் வே, நானே எண்ணெ போட்டு வச்சுக்கிடுதேன்" என்று காயல்பட்டினத்துக்குத் தூக்கிக்கொண்டு போனீர். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வளைந்த தகடுகளை நேரில் பார்க்க வேண்டாமே.

லீவு முடிந்து நீர் புறப்பட்ட அன்று ஜங்ஷனில் வழியனுப்ப வந்தேன். திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டும். வண்டி பதினைந்து நிமிஷம் தாமதம். உம் கையில் ஒரு அல்வா பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினால் போதும் என்று நினைத்து வந்தவன் நான். நீர் பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் வர லேட்டாச்சுன்னா சட்டய வீட்டுல வாங்கி அந்தோணிக்குக் குடுத்துரும். அவனுக்குத்தான் சரியா இருக்கும்" என்றீர். சரி என்றேன். வண்டி வந்தது. படியில் ஏறி நின்றுகொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்.

"வேற ஏதும் சொல்லணுமா வே?"

"ஒண்ணும் இல்ல. உடம்பப் பாத்துக்கிடும்."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனீர்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் உம் நம்பரிலிருந்தே நம் குழுவுக்குச் செய்தி வந்தது. உம் மச்சினன் உம் போனிலிருந்து அனுப்பியிருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டீர், மாரடைப்பு, அடக்கம் அங்கேயே என்று. நான் அதை நாலைந்து தடவை படித்தேன். உம் படம் போட்ட கட்டத்திலிருந்து உம் மவுத்துச் செய்தி வருவதை எப்படி நம்புவது? அந்த வாரமே அதே டாக்டரிடம் போய், தெரிந்தவர் ஒருத்தருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, சிறுநீரகத்தில் பட்ட அடி பிற்பாடு நெஞ்சைப் பாதிக்குமா என்று கேட்டேன். ஆறிப்போன அடிக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் படித்தவர். நான் நம்பத்தான் வேண்டும். பகலில் நம்புகிறேன்.

உம் வீட்டம்மா துக்கம் காத்து இத்தா இருந்த காலம் முடியும்வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. முடிந்த பிறகும் போகவில்லை. இப்போது சட்டையே என்னைத் தேடி வந்துவிட்டது.

சாக்கைப் பிரித்த அன்று நான் போட்ட கணக்கு இதுதான். அந்தோணிக்குத் தெரியாமல் முதுகுத் தகடுகளை அவிழ்த்து, கனத்ததைக் கோத்து வைத்துவிட வேண்டும். யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவனுக்கும் ஆபத்தில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். சட்டையைக் கவிழ்த்துப் போட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். முன்பக்கம் வெள்ளைக் கயிறு. முதுகில் பச்சைக் கயிறு. நான் பச்சைக் கயிற்றைக் கையால் தொட்டதே இல்லை. ஒரு தகட்டை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தேன். கனம். அடுத்ததும் கனம். என் பஞ்ச் போட்டால் ஓட்டையின் பின்பக்கம் ஒரு பிசிறு நிற்கும், அது என் கையெழுத்துபோல. இவை வேறு எங்கோ டிரில் போட்டு, ஓரம் வழித்த தகடுகள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். என் மெல்லிசுத் தகடு ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் நீர் மாற்றியிருந்தீர்.

ஆகவே நீர் தெரிந்துகொண்டுதான் ஜங்ஷனில் அப்படிக் கேட்டீர்.

கோபம்தான் முதலில் வந்தது, உம்மேல். ஏன் வே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாமே. அடிக்கிறவன் நேராக அடிக்க வேண்டும் என்று சொன்ன ஆள், உமக்கு மட்டும் என்ன தயவு? பிறகு, நான் வாய் திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தீர் என்று புரிந்தது. அதற்காக இன்னும் கோபம் வந்தது.

சட்டை சரியாகிவிட்டது. நான் சும்மா இருந்தால் இனி உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த நினைப்போடு ஒரு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை. மறுநாள் உம் வீட்டுக்குப் போன் போட்டேன். பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும் தங்கச்சி என்றதும் நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். பீரோத் தகடு, தலையாட்டினது, ஸ்கேன், ஜங்ஷன், எல்லாம்.

"மூணு வெள்ளிக்கெழம உக்காந்து அந்த முதுகக் கோத்தாவ" என்றார். "எதுக்கு அவுக்கியன்னு கேட்டேன். கட்டு தளந்திருக்குன்னாவ. தகட்டப் பத்தி ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல. உங்க பேரும் எடுக்கல."

பிறகு அவரே கேட்டார்.

"அவுக ஹயாத்தோட, உசுரோட இருக்கையில நீங்க இத அவுககிட்ட சொன்னியளா?"

"இல்லம்மா."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எங்கிட்ட எறக்கி வச்சிட்டுப் போயிரலாம்னா? அவுககிட்ட சொல்ல வேண்டியது அண்ணாச்சி. அவுககிட்டயே சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை. பேசுவாரா என்பதும் தெரியாது.

அந்தோணியிடமும் சொன்னேன். அவன் என்னை வெறித்துப் பார்த்தான். "நம்ம எல்லாரையும் நீங்கதான அண்ணாச்சி கட்டிவிட்டிய" என்றான். நேராகப் போய் அவனுடைய பழைய சட்டையை எடுத்து, முதுகுத் தகட்டை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தான். மற்ற நாலு பேரும் வந்து அவரவர் சட்டையைப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். இனிமேல் ஒவ்வொரு தடவையும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பட்டறையில் இப்போது பீரோவுக்கு முதுகும் முன்பக்கமும் ஒரே தகடுதான். வேலைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள், சுவரோடு நிற்பதற்கு எதற்கு அண்ணாச்சி இவ்வளவு கனம் என்கிறார்கள். அந்தோணி ஏற்றும்போது மூச்சு வாங்குகிறான்.

நேற்று அவனுக்கு உம் சட்டையைக் கட்டினேன். தோள்வார் இழுத்து, விலாக்கயிறு முடிந்து, வாளை எடுத்தேன். நெஞ்சில் ஒன்று. பிறகு பின்னால் வந்து நின்றேன். உம் பச்சைக் கயிறு கண்ணுக்கு நேரே. கை தணியப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலம் எல்லாம் சேர்த்து அந்த முதுகில் அடித்தேன். வேலிக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணி ஓர் அடி முன்னால் தள்ளாடி நின்று, "இருக்கு" என்றான்.

உம் வீட்டம்மா சொன்னபடி இப்போது உம்மிடம் வருகிறேன். ஜங்ஷனில் படியில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டீரே. வண்டி போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆமா வே, ஒண்ணு சொல்லணும். உம்ம முதுகுக்கு மெல்லிசுத் தகட்டப் போட்டவன் நாந்தான். தெரிஞ்சுதான் போட்டேன்.